மிச்சமான இருபத்துமூன்று துண்டுகள்

ஃபிட்டரை நினைத்தால் முதலில் வருவது ஒரு காட்சிதான். மேஜைமேல் ஆட்டுத்தோல் ஒன்றை விரித்து, அதன்மேல் வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளை வரிசையாகப் பரப்பி, எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். சக்கரம், பம்பர், ஸ்டியரிங் என்று எல்லாம் விரல் அளவு. பக்கத்தில் கிடந்த பெட்டியின் மூடியில் நீளமான வெளிநாட்டுக் கார் ஒன்றின் படம். அறுபதுகளில் ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்த எங்களில் யாரும் அப்படியொரு பொருளைப் பார்த்ததில்லை. பொம்மைக் காரைத் துண்டு துண்டாக விற்பார்கள், வாங்கியவனே ஒட்டி வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

ஃபிட்டருக்கு அது விளையாட்டு இல்லை. தோலை அழுத்திப் பளபளப்பாக்கும் புது மெஷின் ஒன்று கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதைத் தானே பூட்டி நிறுத்தப் பெரிய முதலாளியிடம் அனுமதி கேட்டிருந்தார். ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பத்தில் பிறந்து இரும்போடு வளர்ந்தவர், ஆனால் பள்ளிக்கூடம் போகாதவர். காலேஜ் முடித்து வந்திருந்த சின்ன முதலாளி சிரித்தார். "மெஷினோட இங்கிலீஷ் புக்கு வரும். படிக்கத் தெரியாம எப்படி நிறுத்துவீங்க?" மெட்ராஸ் இன்ஜினீயர் வந்து நிறுத்தினால் அப்புறம் அவருடைய ஆட்கள்தான் அதைத் தொடுவார்கள். ஃபிட்டர் பழைய மெஷின்களுக்கு எண்ணெய் விட்டே காலம் தள்ள வேண்டியதுதான். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் தனக்கு அனுப்பியிருந்த அந்தப் பெட்டியைச் சின்ன முதலாளி கொண்டுவந்து வைத்தார். உள்ளே மடித்திருந்த விளக்கத் தாளை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒரு வாரத்துல ஒட்டிக் காட்டுங்க. மெஷின் உங்களுக்கு. ஒரு துண்டு மீந்தாலும் மெட்ராசுக்கு லெட்டர் போட்டுடுவேன்."

முதல் இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டர் பசைக் குழாயைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் திருப்புவார். விளிம்பை நகத்தால் தடவுவார். வைத்துவிடுவார். "இன்னா ஃபிட்டரே, பெட்ரோல் ஊத்தியாச்சா?" என்று ஒருவன் கேட்பான். "வுடுப்பா, மாமியா வூட்டுக்கு அதுலதான் போவப் போறாரு" என்பான் இன்னொருவன். அவர் காதில் எதுவும் விழாது. நான் கலர் செக்‌ஷனில் தோலுக்குச் சாயம் அடிப்பவன், அதிகம் பேசாதவன். வர்ணம் என் பொறுப்பு என்று அவர் சொல்லியிருந்ததால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எழுத்தைப் பார்ப்பதுபோல அவர் அந்தத் துண்டுகளைப் பார்த்தார். நாலாம் வகுப்புவரை படித்த நான் எந்தப் புத்தகத்தையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "பாரு. இன்ஜின் மூடி ரெண்டு. முன்னாடி பம்பர் ரெண்டு. ரெண்டும் ஒரே எடத்துல ஒக்காருது. எப்படிப் போட்டாலும் இருபத்தி மூணு மிஞ்சும்." தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "அண்ணா, மீந்தத கால்வாயில போட்டுடலாம். அவரு எண்ணியா வெச்சிருக்காரு?"

"அவரு எண்ணல. நான் எண்ணிட்டேனே" என்றார்.

ஒட்டி முடித்து என்னிடம் தந்தார். தோல் பளபளக்க அடிக்கும் லேக்கர் வார்னிஷைத்தான் எடுத்தேன். பெட்டியில் வரும்போது துண்டுகள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காம்பில் முதலில் அடித்துப் பார்க்கச் சொன்னார். காம்பு மெழுகுபோல இளகிப்போனது. நேராகக் காரில் அடித்திருந்தால் காரும் அப்படித்தான் போயிருக்கும். பிறகு உப்புத்தாளால் மேலே லேசாகத் தேய்த்து, தண்ணீரில் கலக்கும் தோல் சாயத்தைக் கருஞ்சிவப்பில் ஏழு முறை மெலிதாக அடித்தேன். ஒவ்வொரு முறையும் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்து, சாயம் விடவில்லை என்று பார்த்த பிறகே அடுத்தது. கடைசியில் துணியால் மெருகேற்றியபோது அதில் ஜன்னல் தெரிந்தது. கேலி பேசியவர்கள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாரக் கடைசியில் நானும் கூடப் போனேன். இரண்டு முதலாளிகளுக்கும் முன்னால் ஆபீஸ் மேஜையில் காரை வைத்த ஃபிட்டர், பக்கத்திலேயே ஒரு தோல்துண்டைப் பிரித்து இருபத்துமூன்றையும் கொட்டினார்.

"மீந்துடுச்சே" என்றார் சின்ன முதலாளி.

"மிஞ்சணும், சின்ன மொதலாளி. இது ஒடம்பு ஒண்ணு, சட்டை ரெண்டு. எது புடிக்குதோ அத்த மாட்டிக்கலாம்னு ரெண்டையும் போட்டு அனுப்பிச்சிருக்காங்க. உங்க தாள்ல அப்டிதான் இருக்கும், பாருங்க."

சின்ன முதலாளி தாளை எடுத்தார். மடிப்பு அப்போதுதான் முதன்முதலாகப் பிரிந்தது. படித்தார். மறுபடியும் படித்தார். "இன்னா போட்டிருக்குது?" என்று பெரிய முதலாளி கேட்டார். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் சின்ன முதலாளி ஒருவர்தான். வேறு எதையும் சொல்லியிருக்கலாம். "ரெண்டு விதமாக் கட்டலாமாம். வேண்டியதை எடுத்துக்கிட்டு மத்தத வெச்சிடணுமாம்" என்று சொல்லிவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார். அன்று இரண்டு பேரைப் பார்த்து நான் மலைத்துப்போனேன்.

இன்றைக்கு ஷெட்டில் மெஷின் பழுதானால் படித்த பிள்ளைகள் வருகிறார்கள், புத்தகத்தைத் திறக்கிறார்கள், சீக்கிரமே சரிசெய்துவிடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் புது மெஷின் வந்திறங்கிய நாட்களைப் போல எதையும் நான் பிறகு பார்க்கவில்லை. மரப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் சின்ன முதலாளி உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். ஃபிட்டர் இரும்பின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பார். ஒருநாள் நடுவில் கையைத் தூக்கினார்.

"அப்டி இருக்காது. இன்னொரு தபா படிங்க."

சின்ன முதலாளி விரலை வைத்து மேலிருந்து படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆமா. ஒரு வரி வுட்டுட்டேன்."