சர்வேயரம்மா எழுப்பிய பெட்டி

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பேசினால் சண்டை வரும் என்பதால் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை.

அவள் நிலம் அளப்பவள். நாற்பத்தொரு வயது. வெளியில் எல்லோருக்கும் சர்வேயரம்மா; அண்ணனுக்கு மட்டும் 'டேப்பு'. அவன் நாளிதழ் அச்சகத்தில் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு மை வாடையோடு வந்து கூடத்துக் கட்டிலில் விழுந்தால், மதியம் மூன்று வரை எழுந்திருக்க மாட்டான்.

அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்கு அறை, அவனுக்குக் கூடம். ஆனால் அவளுடைய கம்ப்யூட்டரும் கூடத்தில்தான் இருந்தது. அறைச் சுவர் பூராவும் ஈரம். இன்டர்நெட் கம்பி வந்ததும் கூடத்து ஜன்னல் வழியாகத்தான். பன்னிரண்டு வருட வரைபடங்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

"நாள் பூரா அது உறுமிக்கிட்டு இருந்தா மனுஷன் எப்படித் தூங்குறது?" என்று அவன் குதித்ததால், வேலைக்குக் கிளம்பும்போது அதைத் தூங்கவைத்துவிட்டுப் போவாள். வெளியில் பழைய வரைபடம் ஏதாவது தேவைப்பட்டால் திண்டாட்டம்தான். ஒருமுறை போன் செய்து, "அந்த பட்டனை மட்டும் ஒரு தட்டு தட்டேன்" என்றாள். அவன் போனைத் துண்டித்துவிட்டான்.

அதன்பிறகுதான் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டர் தூங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டு கொஞ்சம் மின்சாரத்தில் விழித்தே இருக்கும். அதற்கென்று ஒரு செய்தியை இன்டர்நெட்டில் அனுப்பினால் பெட்டி தானாக எழுந்துகொள்ளும். பெட்டியைத் தூங்கவைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய், போனிலிருந்து அனுப்பிப் பார்த்தாள். எழுந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு மதில்சுவரின் இருபக்கமும் இரண்டு வீட்டுக்காரர்கள் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றார்கள். ஆறு வருடம் முன்பு அவளே வரைந்த படத்தைக் காட்டினால் தகராறு தீர்ந்துவிடும். செய்தியை அனுப்பினாள். எழவில்லை. மறுபடி அனுப்பினாள். ஒன்பது முறை.

"படம் இருக்கா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்றார் ஒருவர்.

"இவங்களுக்கு அந்தப் பக்கத்துல யாரோ வேண்டியவங்க" என்றார் மற்றவர்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பிளக்கைப் பிடுங்கினியா?"

"என்னது?"

"நடிக்காதே. நாலு பேர் முன்னால என் மானம் போச்சு. நான் முன்னேறினா உனக்கு வயிறு எரியும், தெரியும். அண்ணியே உன்னைத் தாங்க முடியாமத்தான் ஓடினா."

அவன் நுரையைத் துப்பினான். "நான் அதைத் தொடவே இல்ல" என்றான். அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து நெட்காரர் வந்தார். ரவுட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், உங்க பெட்டி தூங்கிக் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா ரவுட்டர் அதை மறந்துடுது. நீங்க அனுப்புற செய்தி வீட்டு வாசல் வரைக்கும் வருது, ஆனா யார்கிட்டக் கொடுக்கறதுன்னு அதுக்குத் தெரியல. தெருமுனையில உடனே பண்ணிப் பாத்ததால வேலை செஞ்சுது." பெட்டியின் முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாகப் பதிந்து கொடுத்தார். அதற்குள் அவளுக்கு ஒரு போன் வர, அறைக்குள் போய்விட்டாள்.

அண்ணன் மேல் தப்பில்லை. அது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாள் போயிற்று. அந்த மூன்று நாளும் எங்கிருந்து கூப்பிட்டாலும் பெட்டி எழுந்தது. விசிறி சீற, திரை கூடத்தையே வெளிச்சமாக்கியது. அண்ணன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மனையில் நின்றபடி போனிலிருந்தே பெட்டியை எழுப்பி, பதினோரு நாள் அளந்து சேர்த்த வரைபடத்தில் திருத்தம் செய்துகொண்டிருந்தாள். சேமிக்கும்போது திரை உறைந்தது. திரும்ப எழுப்பினாள். எழவே இல்லை.

வீட்டில் கம்ப்யூட்டரின் ஒயர் சுருட்டி, மேசைமேல் அழகாக வைக்கப்பட்டிருந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினேன்ல? இப்ப செஞ்சுட்டேன். கணக்கு நேராயிடுச்சு."

அவள் ஒயரை மாட்டிப் பார்த்தாள். வரைபடம் திறக்கவில்லை. கடைசியாக நகல் எடுத்தது இரண்டு வாரத்துக்கு முன்பு. அளவுகளைப் பெட்டிக்கு மாற்றிய கையோடு அளக்கும் கருவியில் இருந்ததையும் அழித்திருந்தாள்.

"பதினோரு நாள் வேலை போச்சு" என்றாள். "முதல் தடவை நீ செய்யலன்னு எனக்குத் தெரியும். ரவுட்டர்தான். தெரிஞ்சும் சொல்லாம இருந்தது என் தப்பு."

"எனக்கும் தெரியும். நெட்காரன் அன்னைக்கே வாசல்ல எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். நீ வாயைத் திறப்பியான்னு மூணு நாள் பாத்தேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்க அண்ணியைப் பத்திச் சொன்னியே, அப்ப நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

அந்த வாரமே இரண்டு தெரு தள்ளி, பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். பெட்டியைத் துணியில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவன் விழித்துத்தான் இருந்தான், எழுந்து வரவில்லை. பள்ளிக்கூடத்து மனையை முதல் கல்லிலிருந்து மறுபடி அளந்தாள். இந்தமுறை ஒன்பது நாளில் முடிந்தது.

புது அறையில் பெட்டி கூப்பிட்டபோதெல்லாம் எழுந்தது. அதன் சத்தத்தைக் குறை சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, பழைய விலாசத்துக்கு வந்திருந்த தபாலை வாங்கப் போனாள். மாலை நான்கு மணி. கதவைத் தட்டினாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் ஜன்னலைப் பாதி திறந்து, கம்பிக்கு நடுவே கவரை நீட்டினான்.

"நல்லா இருக்கியா?" என்றாள்.

"தூக்கம் வருது" என்று ஜன்னலைச் சாத்தினான்.