அம்பாசிடர் ஜன்னலுக்கு நிழல் தேடி

போன வருஷம் பங்குனிக் கடைசியில், பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில், ஒரு நல்ல மனுஷரைப் பார்த்து "திருடன், திருடன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இப்போது நினைத்தாலும் பாதி சிரிப்பும் பாதி வெட்கமுமாக வரும். அதற்கெல்லாம் காரணம் எங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடர் காரின் ஜன்னல்.

அந்தக் கார் என் கணவருக்கு உயிர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் நான் அதை 'மூத்தாள்' என்றுதான் சொல்வேன். ஏசி கிடையாது. பின்னால் இடது கதவுக்குப் பூட்டும் கிடையாது. அவர் விடிந்ததும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விடுவார். நான் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். ஆகவே பகலில் மூத்தாளை ஓட்டுகிற பொறுப்பு என் தலையில்.

என் கணவரின் அக்கா சேரன்மாதேவியில் இருக்கிறார். அவருக்குத் திடீரென்று தோலில் ஒரு கோளாறு. கொஞ்சம் வெயில் பட்டால் போதும், முகமும் கையும் தடித்துச் சிவந்து கொப்புளம் கிளம்பிவிடும். பாளையங்கோட்டை டாக்டர் வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட வேண்டும் என்றார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்துவிட வேண்டும், ஒரு வாரம் விட்டாலும் திரும்ப முதலிலிருந்து, மேலே வெயில் படவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரப் பயணம். நம்ம ஊர் பங்குனி வெயிலில் மேலே வெயில் படாமல் வா என்றால் ஆற்றில் இறங்கு, ஆனால் நனையாதே என்பது போலத்தான்.

முதல் வாரம் வாடகைக்கு ஒரு புதுக் கார் பிடித்தோம். ஏசிக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முன்னீர்பள்ளம் வருவதற்குள் மூன்று முறை நிறுத்தி வாந்தி. போதாததற்கு அவருக்கு ஒரு முழங்கால் மடங்காது. அந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து அவரைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. "செத்தாலும் இனிமே அந்தப் பெட்டிக்குள்ள ஏற மாட்டேன்" என்று முடித்துவிட்டார். காலை நீட்டி உட்கார வசதியாகச் சோபா மாதிரி பின்சீட்டு இருக்கிற ஒரே வண்டி எங்கள் மூத்தாள்தான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எனக்கும் நாத்தனாருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மகள் கல்யாணத்தின் மறுவீட்டு விருந்தில், சொதிக் குழம்பில் தேங்காய்ப்பால் திரிந்துபோய்விட்டது என்று பக்கத்து இலைக்காரியிடம் சொன்னேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். திரிந்தது திரிந்ததுதானே என்று நானும் இறங்கி வரவில்லை.

ஆகவே காரில் நாங்கள் காரோடுதான் பேசிக்கொண்டோம். "இந்த வண்டி கொஞ்சம் பைய போனா என்ன கொறஞ்சா போயிரும்?" என்று அவர் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். "பைய போனா வெயில் கூடல்லா அடிக்கும்" என்று நான் ஸ்டியரிங்கிடம் சொல்வேன். இதைக் கேட்டு என் கணவர், வண்டியிடமாவது பேசுகிறீர்களே என்று சந்தோஷப்பட்டார்.

இரண்டாவது வாரம் ஜன்னலில் வேட்டியைத் தொங்கவிட்டு, அது பறக்காமல் இருக்கக் கண்ணாடியை ஏற்றி இறுக்கினேன். வெயில் வரவில்லை. காற்றும் வரவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். வீடு போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் அவித்த பனங்கிழங்காக இறங்கினோம்.

சரி, காசைப் பார்க்கக் கூடாது என்று வண்ணார்பேட்டையில் கார் சாமான் கடைகளுக்கு ஏறி இறங்கினேன். ஜன்னலுக்கு வெயில் மறைப்பு வேண்டும், அம்பாசிடருக்கு என்றதும் ஒரு கடையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மறைப்புதான் கிடைக்கவில்லை. அடுத்த கடை அண்ணாச்சி உண்மையைச் சொன்னார். "இப்ப வார வண்டிக்கெல்லாம் மாடல் பேரச் சொன்னா போதும், அளவா வந்துருது. ஒங்க வண்டிக்கு யாரு செய்யுதா? கறுப்புத் தாள் ஒட்டலாம். ஆனா போலீஸ்காரன் பிடிச்சா எம்பேரச் சொல்லப்பிடாது." கடைசியில், கண்ணாடியில் ரப்பர் மூடியால் ஒட்டிக்கொள்ளும் வலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எந்த வண்டிக்கும் பொருந்துமாம்.

மூன்றாவது வாரம் அதை ஒட்டிக்கொண்டு கிளம்பினோம். மேலப்பாளையம் வருவதற்குள் சூட்டில் ரப்பர் இளகி, டொப் டொப்பென்று நாத்தனார் மடியில் விழுந்தது. அவர் எடுத்து ஒட்டுவார், அது விழும். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது வலது கை முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. இப்படி வெயிலில் வந்தால் நான் ஊசி போட்டு என்ன பயன் என்று டாக்டர் கடிந்துகொண்டார். திரும்பி வரும்போது நாத்தனார் காரிடம்கூடப் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அடுத்த வாரம் யாரும் வர வேண்டாம். வாரது வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அன்றைக்கே செல்போனில் தேடி, பழைய கார்களுக்கென்றே செய்தது என்று போட்டிருந்த ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். புதன்கிழமை வந்தது. தட்டையான பை ஒன்று. திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு கறுப்பு வளையம் சீறிக்கொண்டு விரிந்து என் கணவரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. எந்த நாட்டுப் பழைய காருக்குச் செய்தார்களோ, எங்கள் ஜன்னலில் கால்வாசியைக்கூட அது மறைக்கவில்லை. திரும்ப மடித்துப் பைக்குள் போடவும் எங்களால் முடியவில்லை. அது இன்றைக்கும் பீரோவுக்குப் பின்னால் விரிந்தபடிதான் நிற்கிறது.

என் கணவர் அக்காவிடம் போனில் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினார். நாலாவது வியாழக்கிழமை நாத்தனார் வந்தார். கையில் ஆளுயரக் கறுப்புக் குடை. காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வண்டிக்குள்ளேயே அதை விரித்தார்! பின்னால் வருவது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ரோடு முழுக்க எங்களையே பார்த்தது. ஒரு பஸ் கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, வண்டிக்குள்ள மழையா பெய்யுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாத்தனார் அசையவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவர் உதடும் லேசாகத் துடித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை வராந்தா ஓரமாக இறக்கிவிட்டேன். குடையை வண்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். நான் எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஊசி மருந்து வாங்க மருந்துக் கடைக்குப் போய், வாங்கி அவரிடம் கொடுத்தேன். பிறகு கொஞ்ச நேரம் வெளியே காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், வண்டியின் இடது பின்கதவு திறந்து கிடக்கிறது. ஒருவர் இடுப்பு வரை உள்ளே நுழைந்து ஏதோ செய்துகொண்டிருக்கிறார். பூட்டு இல்லாத கதவு!

நான் யோசிக்கவில்லை. கத்தினேன். வண்டி நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்பவரும் இரண்டு ஆட்டோக்காரர்களும் ஓடி வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். நடுவயசுக்காரர். கையில் விரித்த செய்தித்தாளும் பென்சிலும். இழுத்த வேகத்தில் தாள் பாதி கிழிந்துவிட்டது.

"அக்கா, அளவுதான் எடுக்கேன்" என்றார்.

"எதுக்கு அளவு? அடுத்து டயரைக் கழட்டவா?" என்று நான் எகிறினேன். கூட்டம் சிரித்தது. அவர் காலரை ஒருவன் இன்னும் இறுக்கினான்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "ஏலே, அவர விடுங்கலே! நாந்தான் அளவெடுக்கச் சொன்னேன்!"

திரும்பினேன். நாத்தனார் வராந்தாவை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். நடுவில் நாற்பது அடி இருக்கும், பொட்டு நிழல் கிடையாது. உச்சி வெயில். தலையில் முந்தானைகூட இல்லை. மடங்காத காலை இழுத்து இழுத்து, கையை ஆட்டிக்கொண்டு வருகிறார். குடை காருக்குள்ளேதான் கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. காலரை விட்டதும் நாத்தனாரை நோக்கி ஓடியது அந்த மனிதர்தான். கிழிந்த செய்தித்தாளை இரண்டு கையாலும் அவர் தலைக்கு மேலே பிடித்தபடி, மெதுவாக மரத்தடிக்கு நடத்திக் கூட்டிவந்தார்.

விஷயம் இதுதான். அந்த மனிதர் ஆற்றங்கரைப் பக்கம் செடி நர்சரி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குச் செடி கொண்டுவந்தவர், வண்டிக்குள் விரிந்த குடையைப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் வராந்தாவில் நாத்தனாரிடம் காரணம் கேட்டிருக்கிறார். அவரும் சொதி நீங்கலாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். போய் அளவெடுங்கள், இடது கதவுக்குப் பூட்டு இல்லை என்று சொல்லி அனுப்பியதும் அவரேதான்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூச்சு வாங்க நின்ற நாத்தனாரைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா மதினி?" என்றேன்.

"நீ எங்கிட்ட பேசிருந்தா நான் சொல்லிருக்க மாட்டேனாட்டி?" என்றார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பேசிக்கொண்டது அதுதான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், "பூட்டில்லாத வண்டி, நானா இருந்தாலும் கத்தத்தான் செய்வேன். இந்தா, இந்தத் தாளோட அந்தப் பக்கத்தப் பிடிங்க" என்று புதுத் தாளை நீட்டினார். ஒரு பக்கம் எடுத்தால் போதும், திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கும் அதே அளவுதானே என்று கணக்கு டீச்சர் பவிசில் சொன்னேன். அவர் இடது கதவுக்கு வெட்டிய தாளை வலது கதவில் வைத்துக் காட்டினார். ஒரு விரல் அளவு இடித்தது. எந்தக் காலத்திலோ அடி வாங்கித் தட்டி நிமிர்த்திய கதவு. கடையில் விற்கிற எதுவும் ஏன் பொருந்தாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஊசி போட்ட கையோடு அந்த மனிதரின் நர்சரிக்குப் போனோம். "நாத்துக்கு மேல கட்டுத வலை இருக்குல்லா, அது வெயில வடிகட்டிரும், காத்த விட்டுரும். கண்ணாடில ஒட்டக்கூடாது. கதவுக்கே தலகாணி உறை மாதிரி மாட்டணும். கண்ணாடிய எறக்கிட்டே போவலாம்" என்றார். பச்சை வலையை நாத்தனாருக்காக இரண்டு மடிப்பாக வைத்து, அவர் மனைவி தையல் மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். கதவைத் திறந்து மேலேயிருந்து மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. திரும்பும் வழியில் ஆற்றுக் காற்று உள்ளே வந்தது, வெயில் வெளியே நின்றது. காசு வாங்க அவர் கடைசி வரை ஒப்பவில்லை. நாத்தனார் விடுவாரா? டிக்கி நிறையச் செம்பருத்தியும் நந்தியாவட்டையுமாக வாங்கி ஏற்றச் சொல்லிவிட்டார்.

அந்த நாற்பது அடி வெயிலுக்கு அவர் கழுத்தும் கையும் ஒரு வாரம் கொப்புளித்துக் கிடந்தன. நான் தினமும் போய்க் களிம்பு தடவினேன். மிச்சம் இரண்டு ஊசியும் தவறாமல் போட்டாயிற்று, தோலும் தேறிவிட்டது. சொதி திரிந்ததுதான் என்று ஒருநாள் அவரே ஒப்புக்கொண்டார். "அத நீ எங்கிட்டல்லா சொல்லிருக்கணும், பக்கத்து இலைக்காரிகிட்டயா சொல்லுவ?" என்று ஒரு கொட்டும் வைத்தார்.

வலை இன்னும் மூத்தாளின் கதவில்தான் இருக்கிறது. கொஞ்சம் வெளுத்துவிட்டது. பத்து நிமிஷம் பழகிய ஒருவருக்காக, தனக்கு விஷமான வெயிலில் தலையைக் காட்டிக்கொண்டு இறங்கி வந்தவரிடம் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேனே என்பது, அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சுடுகிறது.