ஈரம் காயாத மஞ்சள் கோடுகள்

மலைக்காட்டுப் பாதையில் நடக்க வருகிறவர்களுக்கு அவர் மஞ்சள்காரர். இருபத்தாறு வருடமாக, குளிர்காலம் வந்தால் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகக் கிளம்பி, மரத்துக்கு மரம் மஞ்சள் கோடு போடுவார். கோட்டைப் பிடித்துப் போனால் உச்சிக்குப் போய்த் திரும்பலாம். தவறவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பீரோ சாவிக்காக வீட்டையே தலைகீழாக்குகிற மனுஷன், காட்டில் மட்டும் ராஜா என்று அவர் மனைவிக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஆறு மாதமாக அந்த மறதி கூடிப்போயிருந்தது. குளித்துவிட்டு வந்து மறுபடி குளிக்கப் போனார். அடுப்பை எரியவிட்டு வெளியே போனார். “நான்தாங்க மறந்துட்டேன்” என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவள் ஒப்பேற்றி வந்தாள். வனத்துறை ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் மனுஷன் உட்கார்ந்தே செத்துப்போவார் என்று அவளுக்குப் பயம். அதனால்தான் அன்று முட்டிவலியோடு அவளும் கூடவே கிளம்பினாள்.

மத்தியானம்தான், ஆனால் வெயில் பேருக்குத்தான். கணுக்கால் புதையப் பனி. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வேர்களைப் பிடித்துப் பாறை ஏறியதும் பாதை வலப்பக்கம் திரும்பவேண்டும். அங்கே அவர் நின்றுவிட்டார். இடப்பக்கத்து மரத்தில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. தொட்டுப் பார்த்தார், குளிரில் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.

“இது நான் போட்டதில்ல. எவனோ என்ன மாதிரியே போட்டு வச்சிருக்கான். கையில கெடைக்கட்டும், இருக்கு அவனுக்கு.”

கோடுகளைத் தொடர்ந்து போனார்கள். பதினோராவது கோடு, பள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து நின்ற மரத்தில் இருந்தது. அடியில் தரை தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாற்பது பேர் வருவார்கள், குழந்தைகளோடு.

பனியில் ஒரே ஒரு ஆளின் தடம் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தது. இடது குதிகால் தேய்ந்த பூட்ஸ். அவளை அறியாமலே கால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தது.

“ஏன் அழிக்கிற?”

அவள் வாய் திறக்குமுன் அவர் அடுத்த தடத்தில் தன் காலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. வெகுநேரம் காலை எடுக்கவில்லை.

“நானா?”

தெரியலைங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். “ஆமாங்க. நீங்கதான்.”

அவர் கோபப்படவில்லை. கத்தியை எடுத்துக் கோட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது.

“இந்த வாரம் மூணு நாள் தனியா வந்தேன்ல?”

“ஆமா.”

“நேத்து இங்க. மத்த ரெண்டு நாள் எந்தப் பக்கம் போட்டேன்?”

அவளுக்குத் தெரியாது. அந்தத் தடங்களைப் பனி மூடிவிட்டது. அவர் காட்டைச் சுற்றிப் பார்த்தார், முன்பின் வராத வீட்டுக்குள் நிற்பவரைப் போல.

“ஆபீசுக்கு போன் போட்டுக் குடு. நாளைக்கு ஒருத்தரும் வரக்கூடாது.”

“ஏன்னு கேப்பாங்களே?”

“உள்ளதச் சொல்றேன்.”

போட்டுக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், அடுப்பு உட்பட. அவள் குறுக்கே பேசவில்லை.