திருடன் அனுப்பிய ரிப்போர்ட்

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்பதுவரை எழுதுவேன். என் மனைவியின் கழுத்துக் கட்டியை முதன்முதலாக ஸ்கேன் எடுத்த நாளும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது: வெள்ளிக்கிழமை, தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பரிசோதனை நிலையம், டோக்கன் ஏழு, பதினொன்று இருபதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள், திரும்பும்போது அரூர் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. கட்டியின் அளவு ஒன்றைத்தான் எழுதவில்லை.

நான்கு வருடம் கழித்து டாக்டரம்மா கேட்டது அந்த அளவைத்தான்.

"ஊசி போட்டுப் பார்த்ததுல கெடுதல் ஒண்ணுமில்லைங்க. ஆனா வளந்திருந்தா எடுத்துடறது நல்லது. வளரலைன்னா கத்தியே வேணாம். பழைய ரிப்போர்ட்டைக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமையை ஆபரேஷனுக்குக் குறித்துக்கொண்டார்.

பழைய ரிப்போர்ட் தாளில் இல்லை. "எல்லாம் ஆப்ல வந்துரும் சார்" என்று அன்று சொல்லியிருந்தார்கள். அந்த நிலையம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஆப்பைத் திறந்தேன். கம்பெனியின் கணினிக்குள் யாரோ புகுந்து வாடிக்கையாளர் விவரங்களைத் திருடிவிட்டார்களாம். பாதுகாப்புக் கருதி எல்லாக் கணக்குகளும் பூட்டப்பட்டிருக்கின்றனவாம். ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் கணக்கில் உள்ள பிறந்த தேதியும் பொருந்தினால் திறக்குமாம்.

பொருந்தாது. என் மனைவி பள்ளியில் சேர்ந்த காலத்தில் வயதை முடிவு செய்தவர் தலைமையாசிரியர். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தேதி? ஜூன் மாதத்தில் ஏதாவது ஒன்று. அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஆதாரிலும் அந்த ஜூன்தான். ஆனால் தேதியில் பிழை பொறுக்காத நான், ஜாதகத்தைப் பிரித்து, பஞ்சாங்கம் வைத்துக் கணக்கிட்டு, அவள் புரட்டாசியில் பிறந்த உண்மையான தேதியைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பரிசோதனை நிலையத்தில் கேட்டபோது அதைத்தான் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் ஆதார் கேட்கவில்லை.

கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. கசிந்த தகவல் வாடிக்கையாளருடையது; தாங்கள் வாடிக்கையாளர் என்பது நிரூபணமாகவில்லை; ஆகவே கசிந்த தகவலைத் தங்களிடம் கசியவிட இயலாது.

சட்டத்தைப் படித்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், பாதிப்பு நேர்ந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனைவி பெயரில் மனு எழுதிக்கொண்டு இருவரும் போனோம்.

"பாதிப்பு என்னைக்குங்க?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"திருடு போன நாளா, அவங்க கண்டுபிடிச்ச நாளா, நமக்குச் சொன்ன நாளா, நான் படிச்ச நாளா?"

"ஐயா, ஒரு கட்டத்துல நாலு தேதி எழுத முடியாதுங்க."

"நாலுமே உண்மைங்க."

"அம்மா, நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க."

"அவரு சொன்ன தேதியாலதாங்க நாங்க இங்க நிக்கிறோம்" என்றாள் மனைவி.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். கத்திக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆறாம் நாள், காலை பத்தே காலுக்கு, அவள் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், லேப்ல இருந்து பேசறோம். உங்க அக்கவுண்ட் லாக் ஆயிருக்கு, திறந்து தர்றோம். உங்க டேட் ஆஃப் பர்த்..." என்று அவனே சொன்னான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது புரட்டாசித் தேதி! ஜோசியர், நான், அவள் தவிர அந்தக் கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த தேதி. "ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க."

திருடன் என்று நான் சைகை காட்டினேன். அவள் கையமர்த்தினாள். அங்கன்வாடியில் பல வருடம் வேலை பார்த்தவள். யார் எதைச் சொன்னாலும் பதிவேட்டைக் காட்டு என்பாள்.

"லேபுன்னு யார் வேணா சொல்லலாங்க. அத்தாச்சி வேணுமில்ல? என் கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்புல அனுப்புங்க, நம்பறேன்."

இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. கம்பெனி இத்தனை நாளாகத் தராதது.

"வந்துச்சா மேடம்? இப்ப ஓடிபி சொல்லுங்க."

"கண்ணாடி காணோமே தம்பி. நல்லா இருப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சைபர் குற்றப் பிரிவில் அந்த எண்ணைக் கொடுத்தோம். "என்னங்க இழந்தீங்க?" என்றார் காவலர். "எதுவும் இல்லைங்க, கிடைச்சுது" என்றேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவரும் யோசித்தார்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னோம். திருடன் கொடுத்ததை நம்பலாமா என்று தயங்கினார். நாட்குறிப்பை நீட்டினேன். வெள்ளிக்கிழமை, டோக்கன் ஏழு, பதினொன்று இருபது. ரிப்போர்ட்டின் மூலையிலும் அதேதான். பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு இம்மியும் வளரலைங்க" என்று வியாழக்கிழமையை அடித்தார். வெளியே வந்ததும் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வடை கேட்டாள். இரண்டு தின்றாள்.

முதல் விசாரணையில் கம்பெனி வக்கீல் எழுந்தார். திருடர்கள் போகும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனதால் தங்களிடம் எந்த ஆவணமும் இல்லை என்றார். புகார்தாரரிடம் ரிப்போர்ட் இருப்பதாகத் தெரிவதால், அதன் நகலைத் தங்களுக்குத் தர உத்தரவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஆணையத்தினர் என் மனைவியைப் பார்த்தார்கள்.

"தர்றோங்க. மொதல்ல வக்கீலய்யாவ ஆதாரைக் காட்டச் சொல்லுங்க" என்றாள்.

வழக்கு ஆவணி மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்றைய குறிப்பில் மறக்காமல் கட்டியின் அளவையும் எழுதிவைத்தேன்.