முட்டை போடாத கட்லா

மீன் குஞ்சு வாங்கப் போகிறோம், நீயும் வா என்று சித்தப்பா கூப்பிட்டபோது, குஞ்சு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மீன் என்றால் குழம்புதான். புரட்டாசி வேறு பிறக்கப் போகிறது. பிறந்துவிட்டால் மாதம் முழுக்க வீட்டில் கவுச்சி நுழையாது. இந்த நேரத்தில் ஒரு மீன் பயணம் வாய்த்தால் யார்தான் விடுவார்கள்?

கிளியனூருக்குப் பக்கத்தில் சித்தப்பா தன் நிலத்தில் புதிதாகக் குட்டை வெட்டியிருந்தார். அதில் விடத்தான் குஞ்சுகள். சித்தியும் கூட வந்தாள். கல்யாணமாகி வெகு காலமாக அவர்களுக்குக் குழந்தை இல்லை. சித்தி அடிக்கடி பாண்டிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். எதற்கு ஊசி என்று கேட்டால், உடம்பில் தெம்பு வர என்பாள் அம்மா. நானும் நம்பினேன்.

விழுப்புரம் பக்கம் இருந்தது பண்ணை. அங்கிருந்தவர் நல்ல மனிதர், நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தாய் மீனைப் பிடித்துச் சாயங்காலம் ஊசி போட்டு, ஆண் மீன்களோடு விட்டால் விடிவதற்குள் முட்டை போட்டுவிடுமாம். அந்த முட்டைகளை வட்டமான சிமெண்ட் தொட்டியில் விட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றால் முட்டையெல்லாம் அடியில் தங்கிக் கெட்டுப் போகுமாம். கண்ணாடி மணி மாதிரி அவை சுற்றுவதை வாய் பிளந்து பார்த்தேன்.

பார்த்ததோடு விட்டிருக்கலாம். நமக்கும் விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டாமா? “எங்க சித்திகூட ஊசி போட்டுக்கினு வராங்க” என்றேன்.

பண்ணைக்காரர் வேறு பக்கம் திரும்பி ஒரு குழாயைத் திருகினார். சித்தப்பா தன் செருப்பைப் பார்த்தார். சித்தி மட்டும் ஓரத்துத் தொட்டியைக் காட்டி, அந்தப் பெரிய மீன் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டாள்.

“கட்லாங்க. ஊசி போட்டும் முட்ட போடல. மார்க்கெட்டுக்குப் போயிடும்.”

சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சித்தப்பாவிடம், “அத்தயும் வாங்கிக்கினு போலாங்க” என்றாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குட்டியானை வண்டியின் பின்னால் காற்றடைத்த பைகளில் குஞ்சுகள், பக்கத்தில் நீல டிரம்மில் என் குழம்பு. தலை எனக்கு என்று வழியிலேயே சொல்லிவைத்தேன். ஆனால் வீட்டுக்குக்கூடப் போகாமல், சித்தி அதை ஈரச் சாக்கில் தாங்கிக் குட்டையில் விட்டுவிட்டாள். சரி, புரட்டாசி முடியட்டும் என்று வளர்க்கிறாள் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவள் தினமும் தவிடு போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், ஆகட்டும், நன்றாகக் கொழுக்கட்டும் என்று சந்தோஷமாக இருந்தது.

புரட்டாசி முடிந்தது. என் நச்சரிப்புத் தாங்காமல் சித்தப்பா வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். இனி ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை என்று பாண்டி டாக்டர் கைவிரித்தது அந்த வாரத்தில்தான். அது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். சித்தி பின்னாலேயே வந்தாள்.

“முட்ட போடலன்னா வெட்டித்தான் ஆவணுமா?”

கேட்டுவிட்டு, கரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சித்தப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். பட்டப்பகலில், அடுத்த கழனியில் ஆட்கள் நடவு நட்டுக்கொண்டிருக்கும்போதே.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மீன் கேட்டதற்கு இத்தனை அழுகையா? பெரியவர்கள் இவ்வளவு கஞ்சமாகவா இருப்பார்கள்? நேரே வீட்டுக்கு ஓடி, சித்தி ஒரு மீனைக் கொடுக்க மனசில்லாமல் அழுகிறாள் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். சித்தி என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். செருப்புகூடப் போடாமல் குட்டையை நோக்கி ஓடினாள். போயும் போயும் ஒரு மீனுக்காக அம்மாவும் ஏன் அழுதுகொண்டே ஓடுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.