கண்ணாடித் தட்டில் மட்டும் ஒளிர்ந்தது

எங்கள் ஆய்வகத்தில் என்ன செய்கிறோம் என்று யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வேன். புரதத்தின் சின்னத் துண்டுதான் பெப்டைட். சரியான துண்டுகளைத் தண்ணீரில் விட்டால், யாரும் கோக்காமலே அவை தாமாக ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத இழைகளாகிவிடும். அந்த இழைக்குள் ஒரு சாயத்தை ஒளித்து வைக்கிறோம். புற்றுச் செல்லின் பக்கத்தில் போனதும் இழை பிரிந்து சாயம் ஒளிர வேண்டும். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குக் கட்டி எங்கே முடிகிறது என்று காட்டத்தான் இத்தனை பாடும். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அது ஒளிர்ந்தது. எலிக்குக்கூட இன்னும் போகவில்லை.

இதைப் பத்திரிகையில் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? 'புற்றுநோயைத் தேடிப்போய் அழிக்கும் மருந்து: மதுரை ஆய்வாளர்கள் சாதனை.' நிருபர் கதை கட்டவில்லை. எங்கள் துறையிலிருந்து போன செய்திக்குறிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. எழுதியவர் என் ஆய்வு நெறியாளர். அன்றைக்கே போய், அழிக்கும் என்று எங்கே சார் நிரூபித்தோம் என்று கேட்டேன். பின்னாளில் அதே இழையில் மருந்தையும் ஏற்றலாம்தானே என்றார். ஏற்றலாம். நான் நிலாவுக்கும் போகலாம். திருத்தம் அனுப்பச் சொன்னதற்கு, நிதி கேட்டிருக்கிற நேரத்தில் இதையெல்லாம் கிளறாதே என்றார்.

அந்த வாரமே மேலூர் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் ஏறியது. எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ்தான், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ்தான். நடுவில் வெள்ளைக் கோட்டோடு நான். கீழே செல்போனைக் காதில் வைத்தபடி சித்தி மகனும் அவன் கூட்டாளிகளும். 'புற்றுநோயை வென்ற எங்கள் வீரமங்கையே' என்று வாழ்த்து. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பங்கள் எங்களுடையவை. எங்கள் தெருக்காரர் முகம் அந்த பஸ் ஸ்டாண்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. உடனே கழற்று என்று போனில் கத்தினேன்.

"இப்பக் கழட்டுனா, பொய்யின்னுதான் கழட்டிட்டாய்ங்கன்னு ஊரே சிரிக்கும்க்கா" என்றான்.

போனை வைத்தேன். ஃப்ளெக்ஸ் அப்படியே நின்றது.

சித்திக்கு மார்பில் கட்டி இருப்பது அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்திருந்தது. மதுரையில் டெஸ்ட் எல்லாம் முடித்து ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சித்தி சொன்னாள், நாங்களும் நம்பினோம். நெல் அறுப்பெல்லாம் முடிந்த பிறகுதான், அம்மா ஆபரேஷனுக்குப் போகவே இல்லை என்று சித்தி மகன் போனில் உடைத்தான். அடுத்த பஸ்ஸில் மேலூருக்குப் போனேன்.

சித்தி குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சந்தோஷத்தில் மலர்ந்தது. மருந்து வந்துவிட்டது, கையோடு கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"ஒன்னையத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதேன் சொல்லலத்தா. நம்ம பிள்ளை மருந்து வரப்போகையில நான் எதுக்குக் கத்திக்குப் படுக்கணும்?"

"அது மருந்தே இல்ல சித்தி. கட்டி எங்க இருக்குன்னு வெளிச்சம் போட்டுக் காட்டுறது. அதுவும் அந்தக் கத்தி வைக்கிற டாக்டருக்குத்தான். அதுவே ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் எம்புட்டு வருசம் ஆகும்னு தெரியாது."

சித்தி முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்புறம் பேப்பரில் மருந்து என்று போட்டிருந்தார்களே என்று மெதுவாகக் கேட்டாள். நான் அவள் துணிமணியை எடுத்துப் பையில் வைத்தேன். மறுநாள் காலையிலேயே மதுரைக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

கட்டி பெரிதாகி அக்குள் வரைக்கும் பரவியிருந்தது. இனி நேராக ஆபரேஷன் முடியாது, முதலில் கீமோ கொடுத்துச் சுருக்க வேண்டும் என்றார் டாக்டர். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கோபப்பட்டார். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வயலில் வேலை இருந்தது என்று சொல்லிவிட்டாள்.

நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே. படிக்காத ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் நாம் என்னம்மா செய்ய முடியும் என்றார். திருத்தம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

கீமோ ஆரம்பித்துச் சித்திக்கு முடி கொட்டிய பிறகு ஒருநாள், வார்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் வாடிப்போயிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை போல. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வருத்தப்படாதத்தா. எட்டாப்புப் படிச்சவதான நானு. நாந்தேன் அதைத் தப்பாப் படிச்சுப்புட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு என் குரல் உயர்ந்துவிட்டது.

"இல்ல சித்தி. நீ சரியாத்தான் படிச்ச."