கடைசிக்கு ஒதுக்கிய பாடம்

ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வேலையை நான் கெடுத்திருக்கிறேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே.

சென்ற வாரம் லிங்கநகரில் ஒரு கல்யாண வீடு. "மாஸ்டரிட்ட இங்கிலீஷ் படிச்ச ஆரும் தோத்ததில்லை" என்று ஒருவர் என்னைச் சபைக்கு அறிமுகப்படுத்தினார். சிரித்து வைத்தேன். தோற்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரரின் கடற்படை போன பிறகு, எங்கள் துறைமுக நகரில் பின்னேர வகுப்பு நடத்தினேன். துறைமுகத்து வேலையாட்களே அதிகம். எங்களைப் போன்ற டியூஷன்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு முக்கியமான பாடத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுவோம். அது கிடைக்கும்வரை ஆட்கள் நிற்க மாட்டார்களா, கட்டணம் வராதா?

நான் ஒதுக்கியது எதிர்காலம் — நாளை நடக்கப்போவதை ஆங்கிலத்தில் எழுதும் முறை.

பரீத் அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வருவார். ஜெட்டியில் மூட்டை சுமப்பவர். அந்த மூட்டைகளைக் கணக்கெடுக்கும் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுத இருந்தார். வயது எல்லை நெருங்கிவிட்டது. அதுவே கடைசித் தடவை.

"மாஸ்டர், நாளைக்கு வாற கப்பல எப்பிடி எழுதுற?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஷல், வில் எல்லாம் பெரிய கடல். ஆறுதலா, கடைசியாப் பார்ப்பம்."

"பரீத், முதல்ல இண்டைக்கு வந்த கப்பல இறக்கு!" என்றார் பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவர். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

நான் அந்தப் பாடத்தைத் தொடும் முன்பே, குறித்த நாளுக்கு முந்தியே பரீட்சையை வைத்துவிட்டார்கள். பரீத் தேறவில்லை. அடுத்த வாரம் வரும் கப்பல் பற்றி வியாபாரிகளுக்கு அறிவித்தல் எழுதச் சொல்லியிருந்தார்களாம்.

"வராத கப்பல வந்திட்டெண்டு எழுதிட்டன், மாஸ்டர்."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "நீங்கள் இன்னும் கவனமாப் படிச்சிருக்கோணும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை.

ஒரு வருடம் பொறுத்தேன். அதற்கு மேல் ஏலவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடியும் நேரம் பார்த்துக் கிண்ணியாவில் பரீத்தின் வீட்டுக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வாங்கிய கட்டணத்தை நீட்டினேன்.

பரீத் அதைத் தொடவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "மாஸ்டருக்குத் தேத்தண்ணி ஊத்துங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காசு வேணாம். அந்தப் பாடத்தச் சொல்லித் தாங்க."

"இனி அந்தப் பரீட்சை..."

"எழுத ஏலாதெண்டு தெரியும். சொல்லித் தாங்க."

சொன்னேன். செய்பவரை முதலில் வையுங்கள். அடுத்து 'வில்'. அதன் பின் வினைச்சொல், எந்த மாற்றமும் இல்லாமல். 'நான்', 'நாங்கள்' என்று வரும்போது 'ஷல்' போடுவதும் உண்டு. அவ்வளவுதான்.

"தி ஷிப் வில் அரைவ் டுமாரோ" என்றார் பரீத். ஒரு பிழை இல்லை. தேத்தண்ணியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இவ்வளவுதானா, மாஸ்டர்?"

"ஓம்."

பரீத் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "குடிங்க, ஆறப்போகுது."

அதன்பின் எந்த வகுப்பிலும் அந்தப் பாடத்தை முதல் நாளே நடத்தினேன். பாதிப் பேர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். வராமல் போகட்டும்.

பரீத் மூட்டை சுமந்தே ஓய்ந்தார். இப்போதும் வழியில் கண்டால், "சுகமா, மாஸ்டர்?" என்று விசாரிப்பார்.

முதலில் கேட்பது எப்போதும் அவர்தான்.